கால்வாயில் ஒரு வாரம்: ஓய்விலும் உண்டு ஹக்குகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், இங்கிலாந்தில் வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலிருந்து ஒரு கேள்வி மாலை மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் எம்மிடம் வந்து சேர்கிறது. “ஹஸ்ரத், ஒரு வாரம் படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு கால்வாய் வழியாகப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இது மார்க்கத்தில் கூடுமா? வீண்விரயம் ஆகிவிடாதா? தொழுகைக்கு என்ன செய்வது?”

‘கூடும்’ என்றோ ‘கூடாது’ என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் கேள்வி படகைப் பற்றியது மட்டுமன்று; ஓய்வு என்பதை ஒரு முஸ்லிம் குடும்பம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதைப் பற்றியது. ஆகவே நம் கருத்தைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறோம். கால்வாய்ப் படகுப் பயணம் ஆகுமான ஓய்வு. முறையாக மேற்கொண்டால், பிறருடைய ஹக்குகளைப் பேணக் கற்றுக்கொடுக்கும் பாடசாலையும் கூட. முறை தவறினாலோ, கடனையும் தாயின் களைப்பையும் தவறவிட்ட தொழுகையையும் ஏற்றிச் செல்லும் வாகனமாக அதே படகு மாறிவிடும்.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்ற செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்தவரிடம், இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் உயிருக்கு உரிமை உண்டு, உம் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, அவரவர்க்கு உரியதைக் கொடுத்துவிடும் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள். அவர் கூறியது உண்மையே என நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். விடுமுறை பற்றிய நம் பேச்சு முழுவதையும் இந்த அளவுகோலிலேயே நிறுத்துப் பார்ப்போம்.

கால்வாயும் லாக்கும்

இங்கிலாந்தின் கால்வாய்கள் உல்லாசத்திற்காக வெட்டப்பட்டவை அல்ல. வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்வதற்காக 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் கால்வாய் திறக்கப்பட்டது. அதனை அமைத்த பொறியாளர்களுள் பெரும் பெயர் பெற்றவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. கரையோரப் பாதையில் நடக்கும் ஒரே குதிரை, நீரில் மிதக்கும் 25 டன் சரக்கை இழுத்துச் சென்றது. 1790களில் நாடெங்கும் கால்வாய் வெட்டுவது ஒரு வெறியாகவே பரவிற்று. பின்னர் இரயில் வந்தது, கூலி குறைந்தது. செலவு கட்டுப்படியாகாத படகோட்டிகள் கரையிலிருந்த வீட்டை விட்டுவிட்டு, படகின் பின்புறத்தில் மூன்று மீட்டர் நீளமேயுள்ள சிற்றறைக்குள் மனைவி மக்களோடு குடியேறினர். ஓரிடத்தில் தங்காத அப்பிள்ளைகளில் பலருக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. 1963ஆம் ஆண்டின் கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோக, எஞ்சியிருந்த சரக்குத் தொழிலும் பெரும்பாலும் முடிந்துபோனது.

இன்று நம் பிள்ளைகள் ஆசைப்படும் அந்த வண்ணப் படகு, ஒரு காலத்தில் ஏழைக் குடும்பங்களின் தொழிற்கூடமாகவும் தொட்டிலாகவும் இருந்தது. படகில் ஏறும் முன் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுதல் நலம்.

தூர்ந்துபோன கால்வாய்கள் பலவற்றைப் பிறகு மீட்டெடுத்தவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். சேற்றை வாரினார்கள், உடைந்த கதவுகளைப் புதுப்பித்தார்கள், நிதி திரட்டினார்கள். பல ஆண்டு உழைப்பிற்குப் பின் கென்னட்–ஏவான் கால்வாய் 1990இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகள் ஓர் அறநிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. வக்ஃபுச் சொத்தைப் பேணும் சமுதாயத்திற்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இனி லாக். கால்வாய் நீர் சமதளத்தில் நிற்பது. நிலமோ மேடும் பள்ளமுமானது. படகை மேட்டில் ஏற்றவும் பள்ளத்தில் இறக்கவும் கட்டப்பட்ட நீரறையே லாக். இருபுறமும் கதவுகள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, கதவிலும் தரையடியிலும் உள்ள சிறு மதகுகளை ஓர் இரும்புக் கைப்பிடியால் சுழற்றித் திறந்தால், மேலிருந்து நீர் இறங்கி அறையை நிரப்பும்; படகும் அதனுடன் உயரும். குறுகிய லாக் ஒன்று சுமார் 2 மீட்டர் அகலமும் 22 மீட்டர் நீளமும் உடையது. ஒரு முறை அதைப் பயன்படுத்தினால் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் மேலிருந்து கீழே போய்விடுகிறது. டெவைசஸ் ஊரருகே கேன் ஹில் என்னுமிடத்தில் 29 லாக்குகள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் 16 ஒரே நேர்வரிசையில் குன்றின்மேல் படிக்கட்டுகள்போல் ஏறுகின்றன. அதனைக் கடக்க ஒரு பகற்பொழுதின் பெரும்பகுதி தேவைப்படும்.

இறைவனின் ஹக்கு

விமானத்திலும் இரயிலிலும் தொழுகைக்காக நாம் எத்தனை இடர்ப்படுகிறோம்! அந்த இடர் கால்வாயில் இல்லை. வேகத்தின் உச்சவரம்பே மணிக்கு 4 மைல். தடையறிவிப்பு இல்லாத இடத்தில் கரைப்பாதையை ஒட்டிப் படகை நிறுத்தி, முளை அடித்துக் கட்டிவிடலாம். வாடகைப் படகுகளை இருட்டிய பின் ஓட்டலாகாது என்பது பொதுவான நிபந்தனை. எனவே மஃக்ரிபுக்கு எப்படியும் கரை ஒதுங்கிவிடுவோம்.

ஓடும் படகில் தொழுவதைப் பற்றி நம் இமாம்கள் விரிவாகப் பேசியுள்ளனர். நிற்க இயன்றவர் நின்றே தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஓடும் கப்பலில் அமர்ந்து தொழ இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் சலுகை வழங்கியுள்ளார்கள். அவர்களுடைய இரு பெரும் மாணவர்களோ தக்க காரணமின்றி அது கூடாது என்றார்கள். படகு திரும்பும்போது தொழுபவரும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். குன்றின் சரிவைத் தழுவி வளைந்து வளைந்து செல்லும் பழைய கால்வாய்களில் இது எளிதன்று. ஆனால் இச்சட்டங்களின் நுணுக்கம் நடுக்கடலில் செல்வோருக்கே பெரிதும் பயன்படும். எட்டிக் கால் வைத்தால் புல்தரை இருக்கும் கால்வாயில் சலுகையைத் தேடுவானேன்? இந்நாட்டில் கிப்லா தென்கிழக்காக அமைகிறது. படகைக் கட்டிவிட்டு, பாதையில் நடப்போருக்கும் மிதிவண்டியில் வருவோருக்கும் இடையூறின்றி விரிப்பை விரித்து, குடும்பத்தோடு ஜமாஅத்தாகத் தொழுவதே சிறப்பு.

கஸ்ர் பற்றியும் கேட்கிறார்கள். கால்வாயில் ஒரு வாரத்தில் கடக்கும் தொலைவு பெரும்பாலும் சொற்பமே. ஆயினும் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள படகுத்துறையை நோக்கி ஊரிலிருந்து புறப்பட்டவர், படகில் ஏறும் முன்பே பயணியாகிவிடுகிறார். தொலைவின் நுட்பக் கணக்கு, தங்கும் நாட்கள், இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுதல் ஆகியவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் புறப்படும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உளூவின் செய்தி இன்னும் சுவையானது. கால்வாய் நீரில் உளூச் செய்யலாமா? அளவில் பெரிதாகிய நீர், அசுத்தத்தால் நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை தூய்மையானதே என்கிறது ஃபிக்ஹ். ஆனால் எலிகளின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் காய்ச்சலின் ஆபத்து இந்நீர்நிலைகளில் உண்டு. வாய் கொப்பளிக்கவும் மூக்கிற்கு நீர் செலுத்தவும் அது ஏற்றதன்று. உயிரைப் பேணுவதும் மார்க்கத்தின் நோக்கமே. படகின் தொட்டியில் நன்னீர் உண்டு, அதுவோ அளவானது. ஒரு ‘முத்து’ அளவு நீரில், அதாவது இரு கைகள் சேர்த்து அள்ளும் அளவே ஆன நீரில், நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்துள்ளார்கள். வீட்டுக் குழாயை ஓடவிட்டுப் பழகிய நம் பிள்ளைகள் அந்த ஸுன்னத்தைப் பாடமாக மட்டுமே அறிவார்கள். தொட்டி தீர்ந்தால் அடுத்த நீர்முனைவரை காத்திருக்க வேண்டும் என்ற நிலையில்தான், அது அவர்களுக்குச் செயலாகிறது.

குடும்பத்தின் ஹக்கு

சென்ற கோடையில் எங்கள் மத்ரஸாவைச் சேர்ந்த இரு குடும்பங்கள் இரு படகுகளில் கிராண்ட் யூனியன் கால்வாயில் சென்றன. இரண்டு நாட்கள் நாமும் உடனிருந்தோம். முதல் நாள் முழுவதும் ஒரு சகோதரி சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. காலையில் இடியாப்பம், பகலில் ஆணம் சோறு, இடையிடையே தேநீர். வெளியே மக்கள் பாலங்களையும் நாரைகளையும் கண்டு கூவிக்கொண்டிருக்க, அவர் சன்னல் வழியே தலையை நீட்டி, “எத்தனை பேருக்கு டீ?” என்று கேட்டதோடு சரி. வீட்டுச் சமையற்கட்டையே இன்னும் குறுக்கி நீரில் மிதக்கவிட்டதுபோல் ஆயிற்று அவருக்கு.

இரவில் எல்லோரும் அமர்ந்து பேசினோம். இல்லத்தில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அவர்கள் விடையளித்த ஹதீஸை நினைவூட்டினோம். மறுநாள் முறை மாறியது. ஆண்கள் சமைத்தார்கள். பிள்ளைகள் பாத்திரம் கழுவினார்கள். அந்தச் சகோதரி சுக்கானைப் பிடித்தார். வீட்டில் வாகனம் ஓட்டியறியாத அவர், 20 மீட்டர் நீளப் படகைப் பாலத்தின் அடியில் சுவரில் உரசாமல் செலுத்தியதைக் கண்டு அவருடைய மகன்கள் வாயடைத்து நின்றார்கள். தாயை அவர்கள் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

இங்குதான் நம் கருத்தின் மையம் இருக்கிறது. எல்லாவற்றையும் பிறர் செய்து தரும் ஓய்விடங்களில் குடும்பம் ஓரிடத்தில் படுத்திருக்கும், ஆளுக்கொரு கைப்பேசியோடு. லாக்கோ ஒருவரால் ஆவதன்று. ஒருவர் சுக்கானில், ஒருவர் மதகருகே, இருவர் கதவுத் தண்டைத் தள்ள, ஒருவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். வாப்பாவும் மகனும் ஒரே தண்டில் முதுகைச் சாய்த்துத் தள்ளுவது, வாரத்தில் ஆறு நாள் இரவுப்பணி பார்க்கும் குடும்பங்களில் வேறெப்போது நிகழ்கிறது?

அந்தப் பயணத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நீர் சமமாகும் முன்பே கதவைத் திறக்க முனைந்தான். காலை ஊன்றி, பல்லைக் கடித்து, முகம் சிவக்கத் தள்ளினான். கதவு அசையவில்லை. அவன் தந்தையும் சேர்ந்துகொண்டார், அப்போதும் அசையவில்லை. மேல்நீரின் அழுத்தம் அக்கதவை மூடிப் பிடித்திருக்கிறது. இருபுற நீரும் சமமாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் திறவாது. சமமான பின்போ ஒரு சிறுமியே தள்ளித் திறந்துவிடலாம். ‘ஸப்ர்’ என்பதற்கு மத்ரஸாவில் நாம் பலமுறை பொருள் சொல்லியிருக்கிறோம். அன்று நாம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உயிரின் ஹக்கு

நீர் விளையாட்டுப் பொருள் அன்று. நீச்சல் அறியாத பிள்ளைகளும் பெரியோரும் மேல்தளத்திலும் லாக் ஓரத்திலும் மிதவைச் சட்டை அணிந்தே இருக்க வேண்டும். லாக்கின் மேல்கதவருகே, நீருக்கடியில், வாசற்படிபோல் ஒரு கல்மேடை நீண்டிருக்கும். அதன் எல்லையைக் கரையில் வெள்ளைக் கோட்டால் குறித்திருப்பார்கள். நீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அம்மேடையில் மாட்டிக்கொண்டால் முன்பகுதி தாழ்ந்து, சில நிமிடங்களில் படகே மூழ்கிவிடும். இறங்கும் படகின் கயிற்றைக் கரையில் முடிச்சிட்டுக் கட்டிவிட்டால் படகு தொங்கிச் சாயும். சுழலும் கைப்பிடி நழுவினால் எலும்பை முறிக்கும்.

படகை ஓட்ட வாடகையாளருக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. புறப்படும் முன் துறையில் பயிற்சி தருவார்கள். அதனை வீட்டார் அனைவரும் நின்று கேட்க வேண்டும். ‘தவக்குல்’ என்பது கவனமின்மைக்குச் சூட்டும் அழகிய பெயரன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

அடுத்த படகின் ஹக்கு

பயணத்தில் பலரும் மறக்கும் ஹக்கு இதுவே. மேல்மதகை மூடாமல் ஒருவர் புறப்பட்டுவிட்டால், இரண்டு லாக்குகளுக்கு இடைப்பட்ட நீர் முழுவதும் வடிந்துபோகும். அவருக்குப் பின் வருபவர் சேற்றில் அமர்ந்திருப்பார். அவசரக்காரர் அதனை அறியவே மாட்டார். அவர் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். நிறுத்திக் கட்டிய படகுகளின் அருகே வேகமாகச் சென்றால் அலை இழுத்து அவற்றின் முளைகள் பிடுங்கிக்கொள்ளும்; உள்ளே அடுப்பில் கொதிக்கும் நீர் இருக்கலாம், உறங்கும் குழந்தை இருக்கலாம்.

கப்பலில் பயணம் செய்தோரின் உவமை புகாரியில் வருகிறது. கீழ்த்தளத்தார் மேலே சென்று நீர் எடுப்பதன் சிரமம் கருதித் தம் பகுதியில் ஓட்டையிட முனைகிறார்கள். மேலுள்ளோர் தடுக்காவிட்டால் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். ‘என் பகுதியில் நான் எதுவும் செய்வேன்’ என்ற பேச்சுக்கு நீரில் இடமில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது!

லாக்கிற்கும் அதற்குரிய அதபு உண்டு. எதிரே படகு வருகிறதா என்று முதலில் பாருங்கள். லாக்கின் நீர்மட்டம் எதிரே வருபவருக்குச் சாதகமாக இருந்தால், அவரை முதலில் விடுங்கள்; ஒரு லாக் அளவு நீர் மிச்சமாகும். கிராண்ட் யூனியன் போன்ற கால்வாய்களின் அகன்ற லாக்குகளில் இரு குறுகிய படகுகள் அருகருகே நிற்கலாம். அப்போது ஒரு படகுக்குப் பாதி நீரே செலவாகும். இரு குடும்பங்கள் சேர்ந்து செல்ல விரும்பினால் ஒரே படகில் நெருக்கியடித்துக்கொள்வதைவிட இரு படகுகள் எடுப்பதே மேல் என்று நாம் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் ஹிஜாப். இரண்டு மீட்டர் அகலத்தில், உண்ணும் மேசையே இரவில் படுக்கையாக மாறும் இடத்தில், மஹ்ரம் அல்லாதோரிடையே மறைவைப் பேணுவது மிகக் கடினம்.

நீரின் தூய்மையிலும் நமக்குப் பொறுப்புண்டு. கழிவறைக் கழிவு தனித் தொட்டியில் சேர்ந்து உரிய இடத்தில் அகற்றப்படுகிறது. ஆனால் கைகழுவும், பாத்திரம் துலக்கும் நீர் பெரும்பாலும் நேரே கால்வாய்க்கே போகிறது. பிரியாணிச் சட்டியின் எண்ணெயையும் சோப்பு நுரையையும் அதில் கொட்டுவதா? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மக்கள் நீர்கொள்ளும் இடம், நடக்கும் வழி, ஒதுங்கும் நிழல் ஆகியவற்றை அசுத்தப்படுத்துவதைச் சாபத்திற்குரியதாக எச்சரித்துள்ளார்கள். கால்வாயில் இம்மூன்றும் ஓரிடத்திலேயே உள்ளன. வேல்ஸின் லாங்கோலன் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1805இல் திறக்கப்பட்ட, 38 மீட்டர் உயரத் தூண்களின்மேல் இரும்புத் தொட்டியில் படகைச் சுமந்து செல்லும் பொன்ட்கிசில்ட்டே நீர்ப்பாலம் அதில்தான் இருக்கிறது. காண்போர் அதன் உயரத்தை வியந்து படமெடுக்கிறார்கள். அக்கால்வாய் டீ ஆற்றின் நீரை ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்திற்குக் கொண்டுசேர்க்கிறது என்பதும், அது மக்களின் குடிநீருக்குப் பயன்படுகிறது என்பதும் பலர் கவனிக்காதவை. நம் படகின் கீழே ஓடுவது யாரோ ஒருவருடைய குவளையின் நீர்.

மறுப்புகளும் நம் விடையும்

“இந்தப் பணத்தை உம்ராவுக்குச் சேர்க்கலாமே, ஊரில் ஏழைகள் இல்லையா?” என்று மூத்தோர் சிலர் கேட்கிறார்கள். மதிக்கத்தக்க கேள்வி. ஸகாத்தை நிறைவேற்றாதவர், கடனை அடைக்காதவர், ஊரிலுள்ள பெற்றோரின் செலவைக் கவனிக்காதவர் படகுத்துறையின் பக்கமே போக வேண்டாம். கடன் அட்டையில் வட்டிக்கு வாங்கி விடுமுறை கொண்டாடுவதை எந்த அழகிய நோக்கமும் ஆகுமாக்கிவிடாது. பள்ளி விடுமுறைக் காலத்தில் வாடகை வெகுவாக உயர்கிறது. ஒரு வாரத்திற்கு இயலாதவர் மூன்று நாட்களுக்கு எடுக்கலாம். அதுவும் இயலாதவர் கரைப்பாதையில் கட்டுச்சோற்றோடு நடக்கலாம். அதற்குக் கட்டணமே இல்லை. ஆனால் கடமைகளை நிறைவேற்றியவர் தம் மக்களோடு மகிழ்வதை, மார்க்கத்தின் பெயரால் குற்றமாக்குவதற்கு நமக்கு அதிகாரமில்லை. பயணத்திடையே நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் அறிவோம்.

“கரையெங்கும் மதுக்கடைகள் உள்ளனவே” என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், பழைய படகுத்துறைகளை ஒட்டி அவை நிறையவே உண்டு. ஆனால் வாரநாட்களில் நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் தெருவிலும் அவை உள்ளன. படகில் சமையற்கட்டு உண்டு; ஹலால் இறைச்சியை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம். எங்கே கட்டி நிறுத்துவது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. ஊர்தாண்டிய வயலோரத்தில் கட்டுங்கள். விண்மீன்களைக் காட்டிப் பிள்ளைகளோடு பேச அதைவிட நல்ல இடம் இராது.

கைக்குழந்தையோடும் முழங்கால் வலியுள்ள பெற்றோரோடும் செல்வோர் நன்கு யோசித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். செங்குத்தான படிகளும் குறுகிய நடைவழியும் அவர்களுக்குத் துன்பமாகலாம். அவர்கள் லாக்குகள் குறைந்த வழியைத் தேர்ந்தெடுத்து, நாளொன்றுக்குச் சில மணிநேரமே செல்வது போதும்.

இறுதியாக, நம் ஊரைப் பற்றி ஒரு சொல். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்திராதவர் நம்மில் குறைவு. 1877–78 பஞ்சக் காலத்தில், கூலிக்கு வழியற்ற மக்களின் உழைப்பால் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதி அதில் உண்டு. அன்றைய ஆளுநரின் பெயரே அதற்கு இடப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் ஓடின, லாக்குகளும் இருந்தன. இன்று நகருக்குள் அது சாக்கடை. அதன்மீது பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தூர்ந்த கால்வாய் மீண்டும் உயிர்பெறக் கூடும் என்பதற்கு இங்கிலாந்தில் சான்று இருக்கிறது. இங்கே கால்வாயில் குப்பை போடத் தயங்கும் நம் பிள்ளை, விடுமுறைக்கு ஊர் வரும்போது கூவத்தின் பாலத்தில் மூக்கைப் பொத்துவதோடு நின்றுவிடக் கூடாது. ‘இது யாருடைய ஹக்கு?’ என்று அவன் கேட்டால், அவனை அழைத்துச் சென்ற செலவு வீண்விரயம் அன்று.

ஆகவே, அன்பிற்குரிய பெற்றோர்களே, எம்மிடம் கேட்டதற்கு விடை இதுதான். செல்லுங்கள், கடனின்றிச் செல்லுங்கள். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவைப் பிள்ளைகளை ஓதச் சொல்லுங்கள். சமையலைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தொழுகை நேரத்தைப் பார்த்து வழியைத் திட்டமிடுங்கள். வழியைப் பார்த்துத் தொழுகையைச் சுருக்காதீர்கள். ஒவ்வொரு லாக்கைக் கடந்த பின்னும், புறப்படும் முன் பிள்ளைகளில் ஒருவரை அனுப்பி, மதகுகளும் கதவுகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவரச் செய்யுங்கள். பின்னால் வருபவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருடைய ஹக்கு நம் கையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

நம் ஓய்வையும் உழைப்பையும் தனக்கு உவப்பானவையாக வல்ல அல்லாஹ் ஆக்கி, பிறர் ஹக்கைப் பேணும் மக்களாக நம் சந்ததிகளை வளர்த்தருள்வானாக. ஆமீன்.